ஆடுகளத்து மண்ணும் ஆடுவோர் சருமமும்

தை பிறந்து, கதிர் அறுத்து, நெல் வீடு வந்து சேர்ந்ததும், பண்ருட்டியை அடுத்துக் கெடில நதிக்கரையில் அமைந்த திருவதிகையைச் சுற்றிய கிராமங்களில் கபடிப் பந்தயங்கள் களைகட்டத் தொடங்கிவிடும். சவுக்குக் கழிகளில் விளக்குகளைக் கட்டி, தரையில் சுண்ணாம்புக் கோடு இழுத்து, ஒலிபெருக்கியில் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்து, இரவு முழுவதும் நடைபெறும் அந்த ஆட்டங்களில் ஒருவனுக்கு முழங்கால் பிசகினாலும் தோள்பட்டை இறங்கினாலும் ஊரே பதறுகிறது; அவனைத் தூக்கிக்கொண்டு ஓடப் பத்துப் பேர் முன்வருகிறார்கள். ஆனால் அதே இரவில், முட்டியிலோ முழங்கையிலோ தோல் வழண்டு போகாமல் களத்தைவிட்டு வெளியேறுகிறவனைக் காண்பது அரிது. அரையிடுக்கிலே படர்தாமரையையும் கால்விரலிடுக்கிலே சேற்றுப்புண்ணையும் மறைத்துக்கொண்டு ஆடுகிறவர்களும் பலர். அவற்றைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

விளையாடுகிறவனுக்கு வரும் சரும நோய் அவனுடைய சொந்த அசுத்தத்தின் பலன் என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணமே நோயைக் காட்டிலும் பெரிய தீங்கைச் செய்து வருகிறது என்பது என் அபிப்பிராயம். ஒருவனை எழுவர் சேர்ந்து கட்டிப் பிடிக்கும் ஆட்டத்தில் ஒருவனுடைய சருமத்தில் இருப்பது எழுவருக்கும் உரியதாகிவிடுகிறது. அவர்கள் விழுந்து புரளும் மண்ணில் இருப்பது அவர்கள் ரத்தம் வரையிலும் செல்கிறது. ஆகவே இது களத்தின் நோய், கூட்டத்தின் நோய். இதற்குப் பொறுப்பாளிகள் ஆடுகிறவர்களோடு ஆட்டத்தை நடத்துகிறவர்களுமே.

சருமத்தின் மேலடுக்கு உயிரற்ற செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, இடையிடையே கொழுப்பினால் பூசப்பெற்ற மெல்லிய அரண். உலர்ந்தும் சற்றே அமிலத்தன்மையோடும் இருக்கும் வரையில் அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே போவது கிருமிகளுக்கு எளிதன்று. இந்தக் கடலூர் மாவட்டத்துக் கடற்கரைக் காற்றிலோ ஈரப்பதம் மிகுதி. வியர்வை சுரக்குமேயன்றி ஆறாது. நைலான் பனியனும் இறுக்கமான கால்சட்டையும் அந்த வியர்வையைச் சருமத்தோடு சேர்த்துக் கட்டிவைக்கின்றன. ஊறிப்போன தோல் உராய்வுக்குச் சீக்கிரம் கிழிகிறது. கிழிந்த வாயிலில் கிருமி நுழைகிறது. வேர்க்குரு முதல் சீழ்க்கட்டி வரையில் ஆட்டக்காரனுடைய சரும உபாதிகள் அனைத்தும் ஈரம், உராய்வு, வெப்பம், பிறர் ஸ்பரிசம் ஆகிய இந்த நான்கின் சேர்க்கையால் விளைகின்றன.

கபடியின் விதிகளை வகுத்தவர்கள் இதை ஓரளவு உணர்ந்தே இருந்தார்கள். நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், உடம்பில் எண்ணெயோ வழுக்கும் பொருளோ பூசியிருக்கக் கூடாது, ஆபரணம் எதுவும் அணிந்திருக்கக் கூடாது என்பன ஆடவருக்கும் மகளிருக்கும் பொதுவான விதிகள். எண்ணெய்க்குத் தடை பிடி வழுக்காமல் இருப்பதற்காக; நகத்துக்கும் ஆபரணத்துக்கும் தடை பிறர் மேனி கீறுபடாமல் இருப்பதற்காக. அதே விதிப் புத்தகங்கள் ஆடுகளத்தின் தரை மண்ணும் எருவும் மரத்தூளும் கலந்து மென்மையாக்கப்பட வேண்டும் என்றும் சொல்லி வந்திருக்கின்றன. எரு கலந்த மண் விழுகிறவனுடைய எலும்பைக் காப்பாற்றுகிறது. ஆனால் இரணஜன்னி எனப்படும் வில்வாத ஜன்னியின் கிருமி வித்துக்கள் குடியிருக்கும் இடமும் கால்நடைகளின் சாணம் கலந்த அந்த மண்ணே. அவ்வித்துக்கள் வெயிலுக்கும் வறட்சிக்கும் அஞ்சாமல் ஆண்டுக்கணக்கில் உயிர்த்திருக்கும் வன்மை பெற்றவை. மண் அடைந்த ஆழமான காயத்தில், காற்றுப் புகாத இடத்தில், அவை முளைத்து நஞ்சைச் சுரந்தால், பெரும்பாலும் மூன்று நாள் முதல் மூன்று வாரத்துக்குள் தாடை இறுகி முதுகு வில்லாக வளையும்.

1890இல் பெர்லினில் பேரிங், கிடசாடோ என்ற இருவர் இந்த நஞ்சுக்கு மாற்று ரத்தத்திலேயே உண்டாகிறது என்று நிரூபித்தார்கள். அடுத்த தலைமுறையில் தடுப்பூசியும் வந்தது. இந்தியா தாய் சேய் இரணஜன்னியை ஒழித்துவிட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அது பிரசவத்தையும் பச்சிளங் குழந்தையையும் பற்றிய வெற்றி. மண்ணில் உள்ள வித்து அப்படியே இருக்கிறது. அண்டையிலுள்ள புதுவை ஜிப்மரிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் மருத்துவர்கள் கண்டு எழுதியிருக்கும் மெலியாய்டோசிஸ் என்ற வேறொரு வியாதியும் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியாவால் காயத்தின் வழியாகப் புகுவது. பெரும்பாலும் நீரிழிவு உள்ளவர்களையே தாக்குகிறது. இளம் ஆட்டக்காரன் அதற்கு அஞ்ச வேண்டியது சொற்பம். மழைக்காலத்தில் சேற்றுக் களத்தில் இறங்கி ஆடும் நடுத்தர வயதினரும், அவர்களுக்குப் பயிற்சி தரும் சர்க்கரை நோயுள்ள மாஸ்டர்களும் அதை அறிந்திருப்பது நல்லது.

பிறர் வெறுங்காலால் மிதிக்கும் தரையைத் துப்புரவாக்குவதைத் தொண்டென்றே கருதிய மரபு திருவதிகைக்கு உண்டு. திலகவதியார் அங்கே திருவலகிட்டு மெழுகியதையும், சூலை நோய் அந்தத் தலத்தில் தீர்ந்த பின் அவர் தம்பியார் திருநாவுக்கரசர் உழவாரப்படையைக் கையில் ஏந்தி ஆலய முற்றங்களில் முள்ளும் புல்லும் களைந்ததையும் அந்த வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. அந்த ஊரின் பிள்ளைகள் ஆடும் களத்தில் மட்டும் கண்ணாடிச் சில்லும் ஆணியும் கிடக்க விடலாமா? பந்தயத்துக்கு முந்திய மாலை பத்துப் பேர் வரிசையாக நின்று, தரையைக் கையால் தடவிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனால், பதின்மூன்று மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள களத்துக்கு அரை மணி நேரம் தாராளமாகப் போதும். சுண்ணாம்புப் பொடிக்குப் பதிலாகக் கோலமாவினால் கோடு போடலாம். உரிந்த தோலிலும் கண்ணிலும் சுண்ணாம்பு பட்டால் அது வேகவைத்துவிடும்.

மண்ணைவிட்டு, ‘மேட்’ எனப்படும் செயற்கை விரிப்புக்கு வந்துவிட்டால் இந்தத் தொல்லைகள் நீங்கிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி இடம்பெற்ற பிறகு மேட் மெல்ல மெல்ல எங்கும் பரவி, இப்போது மாவட்டப் போட்டிகளே அதன்மேல்தான் நடக்கின்றன. மண் தோலைக் கீறும். மேட்டோ தேய்த்து எரிக்கும். ஒரு பக்கமாக விழுந்து வழுக்கிய தொடையில் உள்ளங்கையகலம் மேல்தோல் போய், ரத்தம் பெரிதாக வராமல், செக்கச்செவேலென்று நீர் கசியும் அந்தப் புண்ணை ஆட்டக்காரர்கள் காயமென்றே எண்ணுவதில்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் 2003ஆம் ஆண்டில் நடந்ததை இங்கே குறிப்பிட வேண்டும். செயற்கைப் புல்தரையில் விழுந்து உராய்ந்த இத்தகைய புண்களின் மேலேயே, சாதாரண ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற சீழ்க்கிருமி தொற்றி, அணியின் 58 பேரில் ஐவருக்கு எட்டு முறை பெரிய கட்டிகள் எழுந்தன. காரணம் ஆராய்ந்தவர்கள் கண்டவை ஒரே துண்டைப் பலர் பயன்படுத்தியது, குளிக்காமலே பொதுத் தொட்டியில் இறங்கியது, காயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்தவனைத் தொட்டது ஆகியவையே. செல்வம் கொழிக்கும் தொழில்முறை அணியிலேயே இப்படி என்றால், ஒரே வாளித் தண்ணீரில் ஒரே துண்டை நனைத்துப் பிழிந்து பன்னிரண்டு பேர் முகம் துடைக்கும் நம் களங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டைச் சோப்புக் கரைசலால் துடைத்து, கிருமிநாசினி தடவி, அது தானே உலரும் வரையில் காத்திருக்க வேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்த மேட்டிலே கிருமி பெருகும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய விசேஷம் ஒன்றும் உண்டு. பண்ருட்டிப் பக்கத்து ஆட்டக்காரர்களில் பலர் பகலில் முந்திரி உடைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள். முந்திரிக் கொட்டையின் தோட்டிலிருந்து கசியும் கருநிற எண்ணெயில் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் உள்ளன. அவை விரல் நுனிகளைக் கருக்கி, தோலை உரித்து, சிலருக்கு முழங்கை வரையிலும் கொப்புளங்களை எழுப்பும். அந்தக் கைகளால் எதிரியைப் பிடிக்கும்போது பிடிப்பவனுக்கும் வேதனை. வெடித்த விரல் சீழ்க்கிருமிக்குத் திறந்த கதவு. கையில் சாம்பலோ விளக்கெண்ணெயோ பூசி உடைப்பதும், பின்னர்ச் சோப்பால் நன்றாகக் கழுவுவதும் முதியோர் அறிந்த முறைகள். கையுறை இதனினும் சிறந்தது. சிதம்பரத்துக்கு அப்பால் பிச்சாவரத்தில் வளரும் தில்லை மரத்தின் பாலும் தோலைக் கொப்புளிக்கச் செய்து கண்ணைக் கெடுப்பது. உப்பங்கழியில் நீந்திப் பழகும் பிள்ளைகளும் படகோட்டும் பிள்ளைகளும் அதன் கிளையை ஒடிக்காமல் இருக்க வேண்டும்.

இனிக் காயத்துக்கு நாம் செய்யும் சிகிச்சையைப் பார்ப்போம். தோல் வழண்டதும் காப்பித்தூளை அப்புவது, சுண்ணாம்பு தடவுவது, மஞ்சள்தூள் தூவுவது, களத்து மண்ணையே எடுத்துத் தேய்ப்பது, இவையெல்லாம் இன்றும் பிரத்தியட்சமாகக் காணக்கூடியவை. காப்பித்தூள் ரத்தத்தை உறிஞ்சிக் கட்டியாக்குவதால் கசிவு நின்றதுபோல் தோன்றும். ஆனால் அந்தக் கட்டியின் அடியில் தூசியும் கிருமியும் அடைபட்டுவிடும். மறுநாள் மருத்துவமனையில் அதைச் சுரண்டி எடுக்கும்போது பையன் துடிக்கும் துடிப்பைப் பார்த்தவர்கள் மறுபடி அதைச் செய்ய மாட்டார்கள். செய்ய வேண்டியது மிகவும் எளியது. சுத்தமான ஓடுகிற தண்ணீரில், குழாயடியில், ஐந்து முதல் பத்து நிமிஷம் காயத்தைக் காட்ட வேண்டும். சுற்றியுள்ள தோலுக்குச் சோப்பு போதும். பதிந்த மண்ணையும் மணலையும் சுத்தமான துணியால் மெல்லத் துடைத்து எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் சீழ் பிடிக்கும், ஆறினாலும் பச்சை குத்தியதுபோல் தழும்பாகும். ரத்தம் வந்துகொண்டிருந்தால் மடித்த துணியை வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். நுரை பொங்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடைத் திரும்பத் திரும்ப ஊற்றுவது கிருமியோடு புதிதாக முளைக்கும் செல்லையும் சேர்த்துக் கொல்கிறது.

காயத்தைக் காற்றாடவிட்டுப் பொருக்குக் கட்டவைத்தால்தான் ஆறும் என்பது தலைமுறைகளாக நாம் நம்பி வந்தது. 1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளின் தோலில் சோதித்து, ஈரம் காக்கும்படி மூடிவைத்த காயத்தில் புதுத் தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் படர்வதைக் காட்டினார். பொருக்கு ஒரு தடை. அதன் அடியிலேதான் புதுச் செல்கள் நகர்ந்து வழி தேட வேண்டியிருக்கிறது. ஆகவே கழுவிய பின் மெல்லிய வாஸ்லின் பூச்சும், ஒட்டாத துணியும், அதன்மேல் கட்டும் போட்டு, தினம் ஒருமுறை மாற்றுவதே உசிதம். சித்த வைத்தியத்தில் ஊமத்தை இலைச் சாற்றையும் தேங்காயெண்ணெயையும் மயில்துத்தத்தையும் கொண்டு காய்ச்சும் மத்தன் தைலம் நாட்பட்ட விரணங்களுக்கு வழங்கிவருவது. சித்த மருத்துவர் பார்த்துச் சொல்லாமல், ஆழமான புதுக் காயத்தில் கடைச்சரக்கை ஊற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். காயத்தைச் சுற்றிச் சிவப்புப் பரவி, சூடேறி, அக்குளை அல்லது அரையிடுக்கை நோக்கிச் செங்கோடு ஓடி, நெறி கட்டிக் காய்ச்சல் கண்டால், அது வீட்டுச் சிகிச்சையின் எல்லை கடந்தது.

இப்போது படர்தாமரை. இதைப் பற்றி அதிகமாகவே எழுத வேண்டும். ஏனெனில் இந்தியா முழுவதிலும் இதன் குணம் நம் கண்ணெதிரே மாறிவிட்டது. முற்காலத்தில் இது எளிய வியாதி. வண்டுகொல்லி என்கிற சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசினால் பலருக்கு அடங்கியது. லண்டனில் ஆர்தர் விட்ஃபீல்ட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த, பென்சாயிக் அமிலம் ஆறு பங்கும் சாலிசிலிக் அமிலம் மூன்று பங்கும் சேர்ந்த களிம்பு அரசு மருத்துவமனைகளில் மலிவாகக் கிடைத்தது. பின்னர் கிரிசியோஃபுல்வினும், டெர்பினாஃபின் போன்ற வலிய மருந்துகளும் வந்தன. இரண்டு வாரம் பூசினால் போதும் என்ற நிலை இருந்தது.

இன்று மாதக்கணக்கில் மருந்து உண்டும் தீராமல், இடுப்பு, தொடை, வயிறு, முகம் என்று படர்ந்து, குடும்பத்தில் ஒருவர் விடாமல் பிடிக்கும் படர்தாமரையைத் தோல் மருத்துவர்கள் தினமும் காண்கிறார்கள். அதற்குக் காரணமான காளான் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற தனிப் பெயரை 2020இல் பெற்றது. டெர்பினாஃபின் தாக்கும் இடமான நொதியிலேயே மாற்றம் ஏற்பட்டு, இக்காளான்களில் பல அம்மருந்தை எதிர்த்து நிற்கின்றன. 2023இல் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் இது கண்டறியப்பட்டபோது அமெரிக்கப் பொதுச் சுகாதார அதிகாரிகள் எச்சரிக்கை வெளியிட்டார்கள். நம் பக்கத்துச் சிற்றூர்களில் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தீராத படர்தாமரை வீடு வீடாகப் புகுந்துவிட்டது.

இதில் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் கிடைக்கும் கலப்புக் களிம்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. குளோபீட்டாசால் போன்ற வலிய ஸ்டீராய்டையும், ஓர் ஆன்டிபயாடிக்கையும், ஒரு காளான் மருந்தையும் ஒன்றாகக் குழைத்த அந்த ட்யூபைப் பூசிய அன்றே அரிப்பு நின்றுவிடுகிறது, சிவப்பு மங்குகிறது. பையன் குணமாயிற்றென்று மகிழ்ந்து களத்தில் இறங்குகிறான். ஸ்டீராய்டு செய்தது என்னவென்றால், காளானை எதிர்த்துப் போராடிய சருமத்தின் காவலையே அடக்கிவிட்டது. அடியில் காளான் செழிக்கிறது. ட்யூபை நிறுத்தியதும் முன்னிலும் கொடிதாக எழுகிறது. மறுபடி ட்யூப் வாங்கப்படுகிறது. தொடையிடுக்கின் தோல் மெலிந்து, வெளுத்து, வெடித்து, ஆயுள் முழுவதும் மாறாத வரிகள் விழுகின்றன. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் பல ஆண்டுகள் வற்புறுத்தியதன் பயனாக, 2018 மார்ச்சில் மத்திய அரசு பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்தது, ஆனால் பயிற்சி முடிந்து வீடு திரும்பும் பையன் கடையில் நின்று ‘படைக்கு ஒரு ட்யூப்’ என்று கேட்டால் இன்றும் அது கைக்கு வந்துவிடுகிறது என்பதைச் சொல்ல எனக்குத் துயரமாக இருக்கிறது.

ஆட்டக்காரனுக்குச் சிகிச்சை சிரமமானதன்று, நீண்டது, அவ்வளவே. சீட்டின் பேரில் வாங்கிய காளான் மருந்தைத் தடத்துக்கு வெளியே இரண்டு விரற்கடை வரையில் பூச வேண்டும். தடம் மறைந்த பிறகும் நிறுத்தாமல் மருத்துவர் சொல்லும் நாள்வரை தொடர வேண்டும். பயிற்சி முடிந்தவுடன் குளித்து, இடுக்குகளைத் துடைத்து உலரவிட்டு, பருத்தி உள்ளாடை அணிய வேண்டும். அதை வெயிலில் உள்புறம் வெளியாகத் திருப்பி உலர்த்த வேண்டும். வீட்டில் அண்ணன், தம்பி, தாய் எவருக்கு இருந்தாலும் அனைவருக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை நடக்க வேண்டும்.

அக்கி என்று நாம் சொல்லும் கொப்புள நோய்களில் ஒன்று மல்யுத்த வீரர்களிடையே பிரசித்தம். உதட்டில் வரும் ஹெர்பிஸ் வைரஸே கட்டிப் பிடிக்கும்போது ஒருவன் கன்னத்திலிருந்து மற்றவன் கழுத்துக்கும் காதோரத்துக்கும் கண்ணுக்கும் தாவுகிறது. 1989இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்த மல்யுத்தப் பயிற்சி முகாமில் 175 பேரில் 60 பேருக்கு இது பரவியது. நம் ஊர்களில் குயவரிடம் சென்று காவிக்கல்லைக் குழைத்து அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அந்தப் பூச்சினால் குளிர்ச்சியும் மனத்துக்கு ஆறுதலும் கிடைக்கலாம். வைரஸ் அடங்க அசைக்ளோவிர் மாத்திரை வேண்டும், கண்ணருகே வந்தால் கண் மருத்துவரும் வேண்டும். கொப்புளம் காய்ந்து பொருக்காகும் வரையில் அவன் களத்தில் இறங்கலாகாது.

விளையாட்டு விடுதிகளில் பாய்களும் போர்வைகளும் மாறி மாறிப் பயன்படுவதால் சொறி ஒருவனிடமிருந்து அறை முழுவதும் பரவும். பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்து முதல் பாதம் வரை இரவில் பூசி, காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். அறையில் ஒருவன் விட்டுப்போனாலும் பயனில்லை. சொறிந்த இடத்தில் சிரங்கு வைத்துவிட்டால் அதை அற்பமென்று விடக் கூடாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் சிரங்கு சில வாரங்களுக்குப் பின் சிறுநீரகத்தைத் தாக்குவதுண்டு. முகம் வீங்கி, சிறுநீர் காப்பி நிறமாகப் போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கொப்புளம், கால் ஆணி, பித்தவெடிப்பு, நகச்சுற்று ஆகியவை ஓடுகிறவர்களுக்கு அதிகம். இவற்றில் கொப்புளத்தின் மேல்தோலை உரித்தெறியாமல் இருப்பதும், சாக்ஸைத் தினமும் மாற்றுவதுமே பாதி வைத்தியம். தேமல் அழகைக் கெடுக்குமேயன்றி ஆபத்தற்றது. ஆனால் வெளிறிய தடத்தில் தொடு உணர்ச்சி குறைந்திருந்தால் அது தேமலன்று. தொழுநோய்ப் பரிசோதனைக்கு உரியது, அரசு மருத்துவமனையில் மருந்தும் இலவசம்.

இவற்றையெல்லாம் ஆட்டக்காரன் மறைப்பது ஏன்? சொன்னால் அணியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்ற அச்சம் ஒன்று, அவமானம் மற்றொன்று. பெண் ஆட்டக்காரர்களுக்கு இது இரட்டிப்பாகிறது. ஆண் பயிற்சியாளரிடம் தொடையிடுக்குப் புண்ணைப் பற்றி ஒரு பெண்பிள்ளை எவ்வாறு வாய் திறப்பாள்? ஒவ்வொரு மகளிர் அணியோடும் ஓர் ஆசிரியை இருக்க வேண்டும் என்பதை நான் மரியாதைக்காகச் சொல்லவில்லை, சிகிச்சைக்காகவே சொல்கிறேன். அமெரிக்கப் பள்ளி மல்யுத்தத்தில் ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவனுடைய சருமத்தையும் பார்க்கிறார்கள். உடம்பில் படர்தாமரை உள்ளவன் குறைந்தது 72 மணி நேரம் மருந்து பூசியிருக்க வேண்டும். சீழ்ப்புண் உள்ளவன் 72 மணி நேரம் ஆன்டிபயாடிக் எடுத்து, கசிவு நின்று, புதிதாகப் புண் எழாமல் இருக்க வேண்டும். நிரந்தரமாக எவனும் விலக்கப்படுவதில்லை. எத்தனை நாள் என்பது முன்பே தெரிந்திருப்பதால் மறைக்கும் தேவையும் குறைகிறது. நம் நடுவர்கள் நகத்தைப் பார்க்கத்தான் ஒவ்வொருவனையும் கையை நீட்டச் சொல்கிறார்கள். அதே நேரத்தில் முழங்கையையும் கழுத்தையும் முட்டியையும் பார்ப்பதற்கு மேலும் ஒரு நிமிஷம் ஆகாது.

பந்தயக் கமிட்டியார் கோப்பைக்கும் மேடைக்கும் திரட்டும் பணத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் குழாயும், சோப்பும், கட்டுத்துணியும், ஒட்டாத பிளாஸ்திரியும், கையுறைப் பெட்டியும் மிகச் சிறிய பங்கே. ரத்தம் கசிகிறவனை வெளியே அழைத்து, கழுவி, மூடிக் கட்டிய பின்பே மறுபடி இறக்க வேண்டும். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து உடற்கல்வித் துறையும், 1985இல் தொடங்கப்பெற்று இப்போது அரசுக் கல்லூரியாக உள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் அருகருகே இருக்கின்றன. உடற்கல்வி மாணவர் ஒவ்வொருவரும் அங்கே தோல் நோய்ப் பிரிவில் சில நாள் நின்று கற்றுக்கொண்டு வெளியேறினால், இந்த மாவட்டத்துப் பள்ளிகளுக்குப் பெரும் பயன் விளையும்.

தடுப்பூசியைப் பற்றி ஒன்று பாக்கியிருக்கிறது. அரசின் அட்டவணைப்படி இரணஜன்னி ஊசி பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடப்படுகிறது. பள்ளியில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் தவறுவதில்லை. எட்டாம் வகுப்போடு நின்று முந்திரித் தோட்டத்துக்கோ செங்கல் சூளைக்கோ போய்விட்ட பையனுக்குப் பதினாறாம் வயது ஊசி தவறிவிடுகிறது. இரவில் எரு கலந்த மண்ணில் புரண்டு ஆடுகிறவர்களில் அவனும் ஒருவன். பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் நாளில் வயதுச் சான்றோடு கடைசி ஊசி போட்ட ஆண்டையும் கேட்டு எழுதிக்கொண்டு, பத்து ஆண்டு கடந்தவர்களையும் நினைவில்லாதவர்களையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே அந்த ஊசிக்குக் காசு கேட்பதில்லை.